ஏரி இருந்த ஊர்: மாம்பலத்தின் நிலமும் வரலாறும்

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்துக்கொண்டு, அதன்பின் அந்நிலத்தில் வாழும் உயிர்களையும் தொழிலையும் கருப்பொருளாக வைத்து, இறுதியில் மாந்தரின் அகவொழுக்கத்தை உரிப்பொருளாகக் கண்டது நம் தமிழ் இலக்கண மரபு. மனிதனை அறிய வேண்டுமானால் அவன் நிற்கும் மண்ணை முதலில் அறிய வேண்டும் என்னும் உண்மை இந்த வரிசையில் பொதிந்துள்ளது. ஆயினும் திணைகளைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதும் நாம், நாம் குடியிருக்கும் தெரு எத்திணையைச் சார்ந்த நிலத்தில் அமைந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சென்னையின் நடுவே தியாகராய நகர் என வழங்கும் பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் அடியில் மறைந்துள்ள மாம்பலம் என்னும் சிற்றூரின் நிலவியலையும் வரலாற்றையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். பழமையை எண்ணிப் பெருமூச்சு விடுதல் நம் நோக்கமன்று. ஓர் ஊரின் நிலத்தை மறந்தவர்களுக்கு அந்நிலமே பாடம் புகட்டும் என்பதை உணர்த்துதலே நோக்கமாகும்.

ஊராய்வு என்னும் துறை

சிற்றூர் ஒன்றின் வரலாற்றைத் தனியே எடுத்து ஆராயும் வழக்கம் இங்கிலாந்தில் ஆழமாக வேரூன்றியது. அந்நாட்டை வென்ற முதலாம் வில்லியம் மன்னன் 1086-ஆம் ஆண்டில் எடுப்பித்த நிலக் கணக்கு, ஊர்தோறும் எத்தனை ஏர், எத்தனை குடி, எவ்வளவு மேய்ச்சல் நிலம், எத்தனை ஆலை எனப் பதிவு செய்தது. இன்றும் அங்குள்ள ஒரு சிற்றூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகின்றனர். மாதா கோயில், பண்ணையார் மாளிகை, ஊர் நடுவே பசும்புல்வெளி, கால்நடைகள் நீரருந்தும் குட்டை, ஊரார் அனைவரும் ஆடுமாடு மேய்க்கும் பொதுநிலம் என்பன அவ்வூர்களின் பழைய உறுப்புகள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நாடாளுமன்றச் சட்டங்கள் பலவற்றின் வழியாக அப்பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாயின. ஏழைக் குடிகள் மேய்ச்சலையும் விறகையும் இழந்து கூலிகளாக நகரங்களுக்குச் சென்றனர்.

அந்த வேலியடைப்பின் வரலாற்றை 1907-இல் நூலாக எழுதிய கில்பர்ட் சிலேட்டர் என்னும் பேராசிரியரே பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறையின் முதற் பேராசிரியராக வந்தமர்ந்தார் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. 1915 முதல் ஏறத்தாழ ஆறாண்டுகள் இங்குப் பணியாற்றிய அவர், மாணவர்களை அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பி நிலம், நீர், பயிர், கடன், கூலி ஆகியவற்றைக் கணக்கெடுத்து வரச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அந்த ஆய்வுகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. பின்வந்த அறிஞர்கள் அதே ஊர்களுக்கு மீண்டும் சென்று மாற்றங்களைப் பதிவு செய்தனர். அடையாற்றில் 1971-இல் மால்கம் ஆதிசேசய்யா நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்களும் இத்தொடர்பணியில் பங்கு கொண்டனர். ஊராய்வு என்பது அயலவர் நமக்குச் செய்து தந்த பணி அன்று; நம் மாணவர்களே தத்தம் ஊரில் நடந்து செய்த பணி என்பதை இங்கு அழுத்திக் கூற விரும்புகிறோம்.

மாம்பலத்தின் நிலம்

சிலேட்டரின் மாணவர்கள் தொலைவிலுள்ள ஊர்களை ஆராய்ந்த காலத்தில், பல்கலைக்கழகத்திற்குச் சில கல் தொலைவிலேயே ஏரியும் வயலும் தோப்புமாக ஊர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று மாம்பலம். வடக்கே கூவம், தெற்கே அடையாறு என இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட தாழ்ந்த சமவெளியில் அது அமைந்திருந்தது. கிழக்கே மயிலாப்பூரும் கடலும். மேற்கே கோடம்பாக்கமும் அதற்கப்பால் உள்நாட்டு ஊர்களும். கடலைச் சார்ந்த மயிலாப்பூரை நெய்தல் எனக் கொண்டால், மாம்பலத்தை மருதம் எனக் கொள்ளலாம்.

இச்சமவெளி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மிக மெதுவாகச் சரிகிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், வடகிழக்குப் பருவக்காற்றால் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். வற்றாத ஆறு ஏதும் இல்லை. இத்தகைய நிலத்தில் பயிர் செய்து வாழ ஒரே வழி, ஓடும் மழைநீரைச் சரிவின் குறுக்கே கரையிட்டு மறித்தலே. பள்ளமான இடங்களில் நீர்நிலைகளை அமைக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுரை கூறும் பாடல் புறநானூற்றில் உண்டு. தொண்டை மண்டலம் முழுவதும் அவ்வறிவுரையைக் கேட்டு நடந்தது போலவே ஏரிகளால் நிறைந்தது.

சரிவு கிழக்கு நோக்கியதாகையால் இவ்வட்டாரத்தில் ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்குப் புறத்தில் அமையும். மேற்கே கரை இராது, நீர் விரிந்து நிற்கும். கரைக்குக் கிழக்கே ஆயக்கட்டு வயல்கள் கிடக்கும். இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி வடக்குத் தெற்காக நீண்டு கிடந்த நீர்ப்பரப்பையும் இவ்வாறே விளங்கிக்கொள்ள வேண்டும். வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி என்றும், தென்பகுதி மயிலாப்பூர் ஏரி என்றும் வழங்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளம் இருந்தமையால் ஆங்கிலேயர் அதனை நெட்டேரி என்னும் பொருள்படும் பெயரால் குறித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை நகரின் மேற்கெல்லை போல விளங்கிய அந்நீர்ப்பரப்பில் ஐரோப்பியர் படகுப் போட்டி நடத்தியதும் உண்டு. மாம்பலத்தருகே கிடந்த ஏரிக்கு மயிலாப்பூரின் பெயர் ஏன் என்று மாணவர் வினவக்கூடும். ஏரியின் பெயர் பல இடங்களில் அது நிற்கும் இடத்தை விட அது நீர் பாய்ச்சும் இடத்தையே குறிக்கும் என்பதை எண்ணினால், கிழக்கே இருந்த மயிலாப்பூர் வயல்களுக்கும் அந்நீருக்கும் உள்ள உறவை உய்த்துணரலாம்.

ஊர்ப்பொது

ஏரி என்பது வெறும் நீர்த்தேக்கம் அன்று. அது ஓர் ஆட்சிமுறை. கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால் என்னும் உறுப்புகளுள் ஒன்று பழுதானாலும் ஊரே பட்டினி கிடக்கும். ஆகையால் ஆண்டுதோறும் வண்டல் அள்ளுதல், கரை உயர்த்துதல், மதகைத் திறந்து மூடுதல், வயலுக்கு வயல் முறை வைத்து நீர் விடுதல் ஆகிய பணிகளுக்கு ஊரார் ஏற்பாடு செய்திருந்தனர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று எனக் கூறுகின்றன.

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி 1763-இல் ஆங்கிலக் கும்பினிக்குச் செங்கற்பட்டு வட்டாரத்தைச் சாகீராக அளித்தார். அதன்பின் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அங்கிருந்த ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து பதிவு செய்தார். இங்கிலாந்துக்கு 1086-ஆம் ஆண்டுக் கணக்கு எப்படியோ, நம் வட்டாரத்திற்கு இப்பதிவுகள் அப்படி எனலாம். விளைச்சலைக் களத்தில் அளக்கும்போது நீர்கட்டி, காவல்காரர், கணக்கர், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் முதலியோர்க்கும், ஏரியின் பராமரிப்புக்கும் முதலிலேயே பங்கு ஒதுக்கப்பட்டதை அவை காட்டுகின்றன. ஏரிக்கும் களத்தில் ஒரு பங்கு உண்டு என்னும் செய்தி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

ஆனால் ஊர்ப்பொது என்பது எல்லார்க்கும் ஒரே அளவாக இருந்தது என்று கூறுதல் வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. உத்திரமேரூர் வாரியத்தில் இடம்பெற நிலமும் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டன. சேற்றில் இறங்கி உழைத்தோர்க்கு அவ்வாரியத்தில் இடமில்லை. சிலேட்டரின் நூலிலும் நிலமற்ற பண்ணையாட்களின் கடன்பட்ட வாழ்வு பதிவாகியுள்ளது. பழைய ஊரின் ஒழுங்கைப் போற்றும் நாம் அதன் வழக்கையும் மறத்தலாகாது.

பெயர்களில் நிற்கும் ஊர்

ஏட்டில் இல்லாத வரலாறு பல வேளைகளில் பெயரில் தங்கிவிடுகிறது. மயிலாப்பூரை அடுத்துள்ள மந்தைவெளியை நாளும் ஆயிரக்கணக்கானோர் கடந்து செல்கின்றனர். மந்தை என்பது ஆநிரை. மந்தைவெளி என்பது ஊர் மாடுகள் கூடும் வெளி. இங்கிலாந்துச் சிற்றூரின் பொதுமேய்ச்சல் நிலத்திற்கு நேரான சொல் பேருந்து நிறுத்தத்தின் பெயராக நம்மிடையே வாழ்கிறது! அடையாற்றின் கழிமுகத்தருகே ஊரூர் என்றே பெயர் பெற்ற ஊர் உண்டு. இன்றும் அங்கு மீனவர் குப்பம் இருக்கிறது. கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் ஆகியவற்றின் ஈற்றிலுள்ள பாக்கம் என்னும் சொல் இக்கடற்கரைச் சமவெளியின் பழைய குடியிருப்புகளுக்கு உரிய அடையாளம்.

மாம்பலம் என்னும் பெயருக்கு மக்கள் கூறும் விளக்கங்கள் பல. அவற்றுள் எது மெய் என்று வழக்காடுவதைவிட, அப்பெயர் பெற்ற ஒரு விந்தையான திரிபைக் காட்டுதல் பயனுடையது. ஆர்மீனிய வணிகரான கோசா பெட்ரசு உசுகான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தம் பொருளால் பாலம் ஒன்று கட்டுவித்தார். ஆங்கில ஆவணங்கள் அதனை மார்மலாங் பாலம் என்று குறித்தன. மாம்பலம் என்பதே அயலார் நாவில் மார்மலாங் ஆயிற்று என்பது அறிஞர் கருத்து. பிற்காலத்தில் அவ்விடத்தில் எழுந்த புதுப்பாலத்திற்குத் தமிழ்க்கடல் மறைமலையடிகளின் பெயர் சூட்டப்பட்டது. ஒரு சிற்றூரின் பெயர், ஆர்மீனியர் ஒருவரின் கொடை, ஆங்கிலேயர் திரிபு, தமிழறிஞர் ஒருவரின் நினைவு ஆகிய நான்கும் ஒரே பாலத்தில் சந்திக்கின்றன.

ஏரி நகரானது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நெருக்கடியில் தவித்தது. 1921-இல் ஏறத்தாழ 5.27 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1931-இல் 6.47 இலட்சமாக உயர்ந்தது. நெருக்கமும் நோயும் நிறைந்த பழைய பகுதிகளிலிருந்து மக்களைப் பரவலாகக் குடியமர்த்த வேண்டிய தேவை மெய்யாகவே இருந்தது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன்பின் 1923-இல் தொடங்கி, ஏரியின் தென்பகுதி அடையாற்றுக்குள் வடிக்கப்பட்டு, அதன் படுகை வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்டது. நடுவே ஒரு பூங்கா, அதிலிருந்து கதிர்கள்போல் பிரியும் அகன்ற சாலைகள், இடையிடையே சிறு பூங்காக்கள் என அக்காலத்தின் சிறந்த நகரமைப்புக் கருத்துகளைக் கொண்டே அது திட்டமிடப்பட்டது. நீதிக்கட்சித் தலைவரும் சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கியவருமான பிட்டி தியாகராயர் 1925-இல் மறைந்தார். அவர் பெயரையே புதிய நகர் தாங்கியது.

இங்கிலாந்தின் பொதுநிலம் வேலிக்குள் அடங்கிய கதையை எழுதிய பேராசிரியர் சென்னையை விட்டுச் சென்ற ஓரிரு ஆண்டுகளிலேயே, அவர் வாழ்ந்த நகரின் மிகப் பெரிய ஊர்ப்பொதுவும் மனைகளாகப் பிரிந்தது. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அங்கே புல்வெளி வேலிக்குள் சென்றாலும் அது புல்வெளியாகவோ வயலாகவோ நின்றது. இங்கே நீர் நின்ற இடத்தில் வீடு நின்றது. ஏரியின் வடபகுதியும் பின்னர் சிறிது சிறிதாகத் தூர்க்கப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரியின் எஞ்சிய படுகையில்தான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பெற்றது. நீரின்றி உலகம் இயங்காது என்னும் பொருளை வான்சிறப்பில் வைத்த புலவருக்கு நீர்நிலையின் மேல் நினைவகம் அமைந்தது காலத்தின் கோலம் போலும்.

தெருப்பெயர்களில் ஒரு சமூக வரலாறு

ஊர் மறைந்த இடத்தில் எழுந்த நகருக்கும் தனக்கென வரலாறு உண்டு. அதன் தெருப்பெயர்கள் ஓர் அரசியல் காலத்தின் ஏடு. முதலமைச்சராக 1921 முதல் 1926 வரை இருந்த பனகல் அரசர், டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் நடேச முதலியார், கோபதி நாராயணசாமி செட்டியார் ஆகியோரின் பெயர்கள் அங்குள்ள பூங்காக்களுக்கும் சாலைகளுக்கும் சூட்டப்பட்டன. கடைவீதிக்குச் சௌந்தரபாண்டியனாரின் பெயர் அமைந்தது.

அவர்களோடு உசுமான் சாலை, அபிபுல்லா சாலை, பசுலுல்லா சாலை ஆகியனவும் நிற்கின்றன. சர் முகம்மது உசுமான் சென்னை மாநகராட்சித் தலைவராகவும், 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும், பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர். சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்து 1923-இல் அறிக்கை அளித்த குழுவின் தலைவரும் அவரே. சர் முகம்மது அபிபுல்லா வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராகவும், பின்னர் திருவிதாங்கூர்த் திவானாகவும் பணியாற்றினார். இன்று உசுமான் சாலையில் துணியும் நகையும் வாங்க வரும் பெருங்கூட்டத்தில் அப்பெயருக்கு உரியவர் யார் என்று அறிந்தோர் எத்தனை பேர்? நம் இளைஞர்க்கு இதனைச் சொல்லித் தரும் கடமை பெரியோர்க்கு உண்டு.

புதுப்பெயர்களுக்கு நடுவே பழைய ஏரியும் ஓரிரு பெயர்களில் ஒளிந்துள்ளது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை என்று பொருள்படும் லேக் வியூ ரோடு உண்டு. காண்பதற்கு ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரையைக் குறிக்கும் டேங்க் பண்ட் ரோடு உண்டு; அங்கே நடப்பது ஒரு பழைய கரையின் நினைவின் மேல் நடப்பதே.

மழை காட்டும் பழைய ஊர்

வரைபடத்திலிருந்து ஏரியை நீக்கலாம். நிலத்தின் சரிவை நீக்க இயலாது. நுங்கம்பாக்கப் பக்கத்திலிருந்து தியாகராய நகர் வழியே நந்தனத்தருகே அடையாற்றில் கலக்கும் மாம்பலம் கால்வாய் இன்றும் அப்பகுதியின் மழைநீர் வடியும் முதன்மையான வழியாகும். அதில் குப்பையும் கட்டடக் கழிவும் சேர்ந்தால் நீர் எங்கே செல்லும்? தான் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கும்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், மேற்கு மாம்பலம் ஆகிய பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்களில் நாட்கணக்கில் நீர் தேங்கியது. இவ்விரண்டுக்கும் இடையே 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, நகர மக்கள் குடத்துடன் லாரிக்காகக் காத்து நின்றனர். மிகுந்த நீரையும் குறைந்த நீரையும் ஒரே நகரம் சில ஆண்டு இடைவெளியில் தாங்க மாட்டாமல் தவித்தது. மிகுந்தபோது தாங்கி, குறைந்தபோது வழங்குவதற்காகவே நம் முன்னோர் ஏரி வெட்டினர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் விளக்க இயலாது.

தியாகராய நகரை மீண்டும் ஏரியாக்க முடியாது. அப்படிக் கேட்பது அறிவுடைமையும் ஆகாது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்வோரின் வாழ்வும் வரலாறுதான். ஆனால் எஞ்சியுள்ள கால்வாயைத் தூர்க்காமல் காப்பதும், புறநகரில் இன்னும் உயிரோடிருக்கும் ஏரிகள் மாம்பலத்தின் வழியைப் பின்பற்றாமல் தடுப்பதும் நம்மால் இயலும். களத்தில் ஏரிக்குப் பங்கு வைத்த மரபை நகராட்சி வரவுசெலவுத் திட்டத்திலும் குடியிருப்போரின் மனத்திலும் மீண்டும் நிலைநாட்டுதலே இன்றைய குடிமராமத்து ஆகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், மாம்பலம் மருதநிலத்து ஏரியூராக இருந்தது என்பதும், அதன் ஊர்ப்பொது 1923-க்குப் பின் மனைகளாக மாறியது என்பதும், தெருப்பெயர்களிலும் நிலச்சரிவிலும் அவ்வூர் இன்றும் தங்கியுள்ளது என்பதும் விளங்கும். இவ்வாய்வை மாணவர்கள் தம் பகுதிக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. தெருப்பெயர்களைத் தொகுத்து அவற்றின் பொருளை ஆராய்க. வீட்டுப் பத்திரங்களில் நஞ்சை, ஏரி, தாங்கல், வாய்க்கால் என வரும் எல்லைக் குறிப்புகளைக் கண்டு எழுதுக. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் கல்வெட்டுகளைப் படியெடுக்க. மழை நாளில் எந்தத் தெருவில் நீர் முதலில் தேங்குகிறது, எத்திசையில் ஓடுகிறது என்பதைக் குறித்து வைக்க. முதியோரிடம் சென்று கிணறுகளைப் பற்றிக் கேட்க. பெரியோர்களும் தம் பெட்டிக்குள் மடித்து வைத்துள்ள பழைய பத்திரங்களை இளைஞர் கையில் தந்து, அவற்றைப் படிக்கும் முறையையும் கற்பிக்க வேண்டுகிறோம்.

ஒரு வகுப்பு மாணவர்கள் ஓர் ஆண்டில் ஒரு தெருவை எழுதினாலும், சில ஆண்டுகளில் ஒரு பகுதியின் வரலாறு உருவாகிவிடும். தாம் வாழும் நிலத்தின் பள்ளமும் மேடும் அறிந்தோர், எங்கே வீடு கட்டலாம், எங்கே நீருக்கு வழிவிட வேண்டும் என்பதையும் அறிவர். நிலத்தை முதற்பொருள் என்று வைத்த இலக்கணத்தை நாம் மெய்யாகவே கற்றோம் என்பதற்கு அதுவே சான்றாகும்.